மருந்து கலந்த ஸ்டார்ட்டர் தின்ற குஞ்சுகளுக்கும் ரத்தக் கழிச்சல்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். என் குஞ்சுகள் பொரித்ததிலிருந்து மருந்து கலந்த ஸ்டார்ட்டர் தீவனம்தான் (குஞ்சுகளுக்கு முதலில் போடும் தீவனம்) தின்றன. ரத்தக் கழிச்சலை உண்டாக்கும் காக்சிடியா என்ற குடல் ஒட்டுண்ணியைத் தடுக்கும் மருந்தான ஆம்ப்ரோலியம், 125 பிபிஎம் (கிலோவுக்கு 125 மில்லிகிராம்), எல்லோரும் வாங்கும் அதே வகை. நாலு வாரம் நெருங்கும் நேரம், அடைமழை. காலையில் புரூடரை, அதாவது குஞ்சுகளைச் சூடாக வைக்கும் கூண்டை, திறந்தால் ஒரு குஞ்சு மட்டும் இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண் சொருக விளக்கடியில் நிற்கிறது. மற்றவை அதை மிதித்துக்கொண்டு தீவனத் தட்டுக்கு ஓடுகின்றன. அது நகரவே இல்லை. கையில் எடுத்தேன். உள்ளங்கையிலேயே எச்சம் போட்டது. சளியும் புது ரத்தமும், வெதுவெதுப்பாக.

மருத்துவர் அன்றைக்கே குடிதண்ணீரில் ஆம்ப்ரோலியம் 0.024 சதவீதம் வருகிற மாதிரி கலந்து கொடுக்கச் சொன்னார். பெரும்பாலானவை பிழைத்தன, கையில் எடுத்தது பிழைக்கவில்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது: தீவனத்தில் இருப்பது தடுக்கிற அளவு, குணப்படுத்துகிற அளவு இல்லை. நோய் கண்ட குஞ்சு இரை எடுக்காது, ஆனால் தண்ணீர் குடிக்கும். இரையே எடுக்காத குஞ்சின் வயிற்றுக்குள் மூட்டையில் இருக்கும் மருந்து எப்படிப் போகும்? உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

•

எங்களுக்கு அப்படி நடக்கவில்லை, ஆனால் ரத்தம் என்று நாங்களும் பயந்தோம். காரணம் வேறு. பெட்டியைத் திறந்ததும் குஞ்சுகளின் தலையிலும் முதுகிலும் இளஞ்சிவப்பு நிறம். வீட்டில் எல்லோரும் ரத்தம் என்று பதறிவிட்டார்கள். விரலில் தொட்டுப் பார்த்தால் சாயம்! பொரிப்பகத்தில் காக்சிடியா தடுப்பு மருந்தைச் சாயத்தோடு தெளித்திருக்கிறார்கள். அது உயிருள்ள ஒட்டுண்ணி முட்டைகள் கொண்ட மருந்து. குஞ்சுகள் இறகைக் கோதும்போதும் ஒன்றையொன்று கொத்தும்போதும் அது வயிற்றுக்குள் போய், லேசாகத் தொற்றி, எதிர்ப்புச் சக்தியை வளர்க்கும். குஞ்சு விற்ற ஆள் அதே கையோடு ஆம்ப்ரோலியம் தீவன மூட்டையையும் எடுத்து நீட்டினார். அதைப் போட்டால் தடுப்பு மருந்தின் வேலை கெடும். நல்லவேளை, பெட்டியோடு வந்த சீட்டைப் படித்துவிட்டு மருந்தில்லாத தீவனத்துக்கு மாறினோம்.

உங்கள் குஞ்சுகளுக்கு அந்தத் தடுப்பு மருந்து போட்டிருந்தார்களா இல்லையா என்று நீங்கள் சொல்லவே இல்லை. அதைத் தெரிந்துகொள்ளாமல் தீவனத்தைப் பற்றிப் பேசுவது பாதிக் கதைதான். மாரெக்ஸ் என்ற வைரஸ் நோய்க்குப் போடும் தடுப்பூசி வேறு. அதற்கும் ஆம்ப்ரோலியத்துக்கும் சம்பந்தமில்லை. பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

•

நான் மருந்துத் தீவனம் பக்கமே போவதில்லை. பிறந்த குஞ்சுக்கு எதற்கு ஆன்டிபயாடிக்? எனக்கும் ஒரு தடவை ரத்தக் கழிச்சல் வந்தது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தூக்கினேன், அடியில் கூளம் அடை அடையாகக் கட்டிப்போய், புளித்த நாற்றம். அங்கேயே புரிந்துவிட்டது.

கூளம் காய்ந்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. எச்சத்தோடு விழும் ஒட்டுண்ணி முட்டை அப்போதே தொற்றாது. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்தால்தான் ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வரும். அதனால் ஈரக் கூளத்தை அன்றன்றைக்கே அள்ளிவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பு குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்கட்டும். குஞ்சு வளர வளர அதையும் உயர்த்த வேண்டும். தீவனத்தைத் தரையில் தூவாதீர்கள். இடத்துக்கு மீறி அடைக்காதீர்கள். ப்ளீச்சிங் பவுடரை நம்பி உட்காராதீர்கள், அந்த முட்டையின் ஓட்டை அது ஒன்றும் செய்யாது. அம்மோனியாக் கரைசல் செய்யும், ஆனால் ப்ளீச்சோடு அம்மோனியாவைச் சேர்த்தால் வரும் புகை ஆளையே கொன்றுவிடும். கூடு காலியான பிறகு கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். பெரிய கோழிக் கூட்டில் நடந்த செருப்போடு குஞ்சுக் கூட்டுக்குள் போகாதீர்கள். சோர்ந்த குஞ்சுக்குத் தண்ணீரில் பி காம்ப்ளெக்ஸ் கலந்து கொடுங்கள், தெம்பு வரும்.

•

மேலே எழுதியவருக்கு: கூளம் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆன்டிபயாடிக் என்றது தவறு, பி காம்ப்ளெக்ஸ் யோசனை அதைவிடத் தவறு.

ஆம்ப்ரோலியம் ஆன்டிபயாடிக் இல்லை. பார்க்க பி1 வைட்டமின், அதாவது தயமின் மாதிரியே இருக்கும் ஒரு பொருள். ஒட்டுண்ணி தயமின் என்று நினைத்து இதை உள்ளே இழுத்துக்கொண்டு, வளர முடியாமல் போகிறது. மருந்து கொடுக்கும் நாட்களிலேயே பி1 உள்ள டானிக்கையும் ஊற்றினால், ஒட்டுண்ணிக்கு நாமே சோறு போடுகிற மாதிரி ஆகிவிடும். மருந்து முடிந்த பிறகு கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். தெரிந்தவர் ஒருவர், மருந்துத் தீவனம் போதாதென்று தண்ணீரிலும் கைக்கு வந்த அளவில் கலந்து, நிறுத்தாமல் கொடுத்திருக்கிறார். கொண்டுவந்த குஞ்சு முழங்காலில் உட்கார்ந்து, தலை முதுகைத் தொடும் அளவுக்குப் பின்னால் வளைந்து, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தது. தலையைப் பிடித்து நேராக்கி விட்டால் மறுபடி அப்படியே போகிறது. தயமின் குறைந்தால் வருகிற கோளாறு அது. மருத்துவர் தயமின் ஊசி போட்ட பிறகுதான் தலை இறங்கியது. சரியான அளவில் கொடுத்தால் இப்படி ஆகாது, ஏனென்றால் குஞ்சைவிட ஒட்டுண்ணிக்குத்தான் அந்த மருந்து அதிகம் உறைக்கும். ஆனால் அளவு என்றால் அளவுதான்.

•

எல்லோரும் ஆம்ப்ரோலியத்தையே பேசுகிறீர்கள். மருந்துத் தீவனம் என்றால் எல்லாமே ஆம்ப்ரோலியம் இல்லை. நண்பர் கோழிக்குஞ்சுத் தீவனத்தை வான்கோழிகளுக்கும் போட்டார். நான் போனபோது ஒரு வான்கோழி நெஞ்சு தரையில் பதிய, இரண்டு காலும் பின்னால் நீண்டு கிடந்தது. கண் மட்டும் தெளிவாக என்னைப் பார்க்கிறது, எழுந்திருக்க முடியவில்லை. மூட்டையைப் புரட்டிப் பார்த்தால் ஓரத்தில் பொடி எழுத்தில் சாலினோமைசின் என்ற வேறொரு காக்சிடியா மருந்து. கோழிக்கு ஒத்துப்போகும் அது வான்கோழிக்கு விஷம். அதே இனத்தைச் சேர்ந்த மோனென்சின் குதிரை வாயில் கொஞ்சம் பட்டாலும் போதும், இதயத்தைத் தாக்கும். தீவன அறைக் கதவைத் தாழ் போட்டு வையுங்கள், மூட்டைச் சீட்டைப் படிக்காமல் ஒரு பிடி கூட எடுக்காதீர்கள்.

•

முதலில் எழுதியவர் நான்தான். கேட்டதற்குப் பதில்: தடுப்பு மருந்து போடவில்லை, பொரிப்பகத்தில் விசாரித்து உறுதிசெய்துவிட்டேன். தண்ணீர்க் கிண்ணத்தடியில் ஈரம் இருந்தது உண்மை. மழை ஓதம் வேறு. மூட்டையில் ஆம்ப்ரோலியம் மட்டும்தான்.

இன்னொரு சந்தேகம். தேறிய குஞ்சுகளின் எச்சத்தில் இப்போது ஆரஞ்சு நிறத்தில் நூல் நூலாக ஏதோ வருகிறது. குஞ்சுகள் நன்றாகத் தின்கின்றன, ஓடுகின்றன. மறுபடி மருந்தைத் தொடங்கவா?

•

உடனே தொடங்காதீர்கள். உதிர்ந்த குடல் சவ்வு அந்த நிறத்தில் வருவது உண்டு, எப்போதாவது வந்தால் பயமில்லை. புது எச்சத்தைக் கால்நடை ஆய்வகத்தில் கொடுங்கள், நுண்ணோக்கியில் முட்டை தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். ஒன்று ஒடுங்கி நின்றாலும், இரை குறைந்தாலும், சிவப்பு தெரிந்தாலும் மட்டும் முடிவுக்குக் காத்திருக்காமல் அதே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.