பேட்டரியைத் தலைகீழாக மாட்டியதில் புரோபாக்ஸ் காரின் எஞ்சின் கம்ப்யூட்டர் போய்விட்டது என்கிறார்கள், மாற்றத்தான் வேண்டுமா?

தாம்வே தம்பி எழுதியது:

ரங்கூன்காரன் நான். 2004 டொயோட்டா புரோபாக்ஸ், 1500 சிசி பெட்ரோல், ஆட்டோ கியர். ஜப்பானில் ஓடித் தேய்ந்து இங்கே வந்து இன்னொரு ஆயுள் ஓடிக்கொண்டிருக்கிற வண்டி. கடைக்குச் சாமான் ஏற்றுவதும் அதில்தான், ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பீலிக்கான் கோவிலுக்குக் கூட்டிப்போவதும் அதில்தான்.

கரண்ட் இங்கே எப்படி வருகிறது போகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி உட்கார்ந்துவிட்டதால் ராத்திரியில் கார் பேட்டரியைக் கழற்றி நாலாவது மாடிக்குத் தூக்கிப்போய் ஒரு ஃபேனும் இரண்டு விளக்கும் ஓட்டுகிறோம், விடிந்ததும் கீழே கொண்டுவந்து மாட்டுகிறோம். போன செவ்வாய்க்கிழமை நம்முடையது முழுக்க இறங்கிவிட்டதால் என் தம்பி பக்கத்து வீட்டு பேட்டரியை வாங்கி வந்து மாட்டப் போனான். அதில் பிளஸ் எதிர்ப்பக்கம் இருக்கிறது, அவன் பார்க்கவில்லை. கிளாம்பு தொட்டதுமே பட்டென்று ஒரு பொறி, ஒரு கருகல் வாசனை, அவ்வளவுதான்.

பட்டறைக்காரர் வந்து ஆல்டர்னேட்டருடைய (எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிறதே, அது) பெரிய ஃபியூஸ் போயிருக்கிறது என்று 120 ஆம்ப் ஒன்று போட்டார். இப்போது ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. சாவியைத் திருப்பினால் மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிவதே இல்லை, பின்னால் பெட்ரோல் பம்ப் சத்தம் இல்லை, ஸ்கேனர் மாட்டினால் கனெக்ட் ஆகவில்லை. ஈ.எஃப்.ஐ. (எஞ்சினுக்குப் பெட்ரோல் தெளிக்கிற அமைப்பு) ஃபியூஸ் இரண்டு தடவை போனது, மூன்றாவதாக 30 ஆம்ப் போட்டார், அது நிற்கிறது. கம்ப்யூட்டர் போய்விட்டது, பழையதே நாலு லட்சம் கியாட் ஆகும் என்கிறார். இன்னொன்று, நேற்று கிளவ் பாக்ஸ் பக்கம் கை வைத்தால் லேசாகச் சூடாக இருந்தது. இது ஏதாவது சம்பந்தமா?

பெகு டாக்சி எழுதியது:

காசை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் என் கதையைக் கேளுங்கள் அண்ணே. எனக்கும் கம்ப்யூட்டர் போச்சு என்றுதான் சொன்னார்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கும், ஆறினால் ஓடும். பழைய சாமான் கடையில் பார்த்த மாத்திரத்தில் அதே மாதிரி இருக்கிற பெட்டியை வாங்கி வந்தேன், கனெக்டரும் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் அது கை கியர் வண்டியின் பெட்டி. என்னுடையது ஆட்டோ, கியரை மாற்றுவதும் அதே கம்ப்யூட்டர்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது. எஞ்சின் பிடித்தது, வண்டி கியர் மாறாமல் முக்கிக்கொண்டு போனது. திருப்பிக் கொடுக்கப் போனால் கடைக்காரர் மின்சாரச் சாமான் திரும்ப எடுப்பதில்லை என்று பலகையைக் காட்டினார்.

கடைசியில் பார்த்தால் நாலு இக்னிஷன் காயிலில் ஒன்று பழுது. ஒவ்வொரு காயிலுக்கும் நாலு வயர், அதில் ஒன்று 'பொறி விழுந்தது' என்று கம்ப்யூட்டருக்குத் திரும்பத் தகவல் சொல்கிற வயர், அது நாலுக்கும் பொது. ஒரு காயில் அதை அமுக்கிவிட்டால் பொறியே இல்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. ஒரு காயில் விலையில் முடிந்திருக்க வேண்டியது. உங்கள் விஷயம் வேறுதான், எஞ்சின் விளக்கே எரியவில்லை என்கிறீர்கள். இருந்தாலும் அவசரப்படாதீர்கள்.

மோல்மீன் வயர்மேன் எழுதியது:

முதலில் அந்த 30 ஆம்பைப் பிடுங்கிப் போடு தம்பி, மற்றதை அப்புறம் படி.

பிடுங்கியாச்சா? சரி. அந்த இடத்துக்கு ஃபியூஸ் பெட்டி மூடியில் 15 என்று எழுதியிருக்கும். 15 போகிறது என்றால் ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது என்று அர்த்தம். 30 போட்டால் ஃபியூஸ் போகாது, அதற்குப் பதிலாக வயரோ கம்ப்யூட்டர் உள்ளே இருக்கிற சர்க்யூட் பலகையோ எரியும். கிளவ் பாக்ஸ் பக்கம் சூடு என்கிறாயே, புரோபாக்ஸில் கம்ப்யூட்டர் உட்கார்ந்திருப்பது அதற்குப் பின்னால்தான்.

இப்போது ஒரு கேள்வி, இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஃபியூஸ் போனது சாவியைத் திருப்பின பிறகா, சாவி இல்லாமல் சும்மா மாட்டும்போதேவா? டொயோட்டாவில் பெரும்பாலும் ஈ.எஃப்.ஐ. ஃபியூஸிலிருந்து இரண்டு வழி போகும். ஒன்று ஈ.எஃப்.ஐ. ரிலே என்கிற மின் சுவிட்சுக்கு, அது சாவி போட்டால்தான் மூடி கம்ப்யூட்டர் கனெக்டரின் பிளஸ்-பி என்கிற காலுக்கும் (பின்) மற்றதுக்கும் கரண்ட் கொடுக்கும். இன்னொன்று நேராகக் கம்ப்யூட்டரின் 'பேட்' என்கிற காலுக்கு, அது நினைவாற்றலுக்காக எப்போதும் உயிரோடு இருக்கிற வயர். சாவி இல்லாமலே போகிறது என்றால் சந்தேகப்பட வேண்டியது அந்த ஒரு வயரும் கம்ப்யூட்டரும் மட்டும்தான். சாவி போட்ட பிறகு போகிறது என்றால் ஆக்ஸிஜன் சென்ஸர் ஹீட்டர், இன்ஜெக்டர் வயர் என்று சந்தேகப் பட்டியல் நீளும்.

ஃபியூஸாகப் போட்டுப் போட்டு எரிக்காதே. 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர் ஒட்டி ஃபியூஸ் இருக்கிற இரண்டு வாயிலும் சொருகு. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட். அப்படியே எரியவிட்டு ரிலேயைப் பிடுங்கு, அணைகிறதா பார். அணையவில்லையா, கம்ப்யூட்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்று. எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அவன்தான் திருடன். பல்பு நடுவில் இருப்பதால் இரண்டு ஆம்புக்கு மேல் போகாது, எதுவும் கருகாது.

ஷார்ட் இல்லை, ஃபியூஸ் நிற்கிறது, அப்போதும் விளக்கு எரியவில்லை என்றால் அப்புறம் பார்க்க வேண்டியது கம்ப்யூட்டரின் எர்த்தும், சென்ஸர்களுக்குக் கரண்ட் கொடுக்கிற வி.சி. என்கிற காலில் 5 வோல்ட் வருகிறதா என்பதும். வெளியே ஒரு திராட்டில் சென்ஸர் ஷார்ட் ஆகி அந்த 5 வோல்ட்டை அமுக்கினாலும் எஞ்சின் விளக்கு எரியாது, ஸ்கேனர் பேசாது. சென்ஸரைக் கழற்றியதும் 5 வந்துவிட்டால் கம்ப்யூட்டர் நல்லது. இந்த ஒரு சோதனை தெரியாமல் எத்தனை நல்ல பெட்டியைத் தூக்கி எறிகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

சிரியம் மாப்பிள்ளை எழுதியது:

மாற்ற வேண்டி வந்தால் ஒரு விஷயம். சாவியை எடுத்ததும் மீட்டரில் சாவிப் படம் போட்ட சின்னச் சிவப்பு விளக்கு சிமிட்டுகிறதா? சிமிட்டினால் இம்மொபிலைசர் (பதிந்த சாவி இல்லாமல் எஞ்சினைப் பிடிக்கவிடாத மின்னணுப் பூட்டு) இருக்கிறது, வேறு வண்டிக் கம்ப்யூட்டர் உங்கள் சாவியை ஏற்காது. சாவியைப் பதிய வேண்டும், இல்லாவிட்டால் சாவி, பூட்டு, பெட்டி மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து சேர்த்து வாங்க வேண்டும். சில டொயோட்டாவில் ஸ்கேனர் சாக்கெட்டின் 4, 13 கால்களை இணைத்து சாவியை 30 நிமிஷம் ஆனில் விட்டால் கம்ப்யூட்டரும் இம்மொபிலைசர் பெட்டியும் ஒன்றையொன்று பழகிக்கொள்ளும், ஆனால் எல்லா மாடலுக்கும் இது கிடையாது. சாமான் ஏற்றுகிற புரோபாக்ஸ் நிறைய அந்தப் பூட்டு இல்லாமலே வருகிறது, அதிர்ஷ்டம் இருந்தால் உங்களுடையதும் அப்படி.

தாம்வே தம்பி எழுதியது:

வயர்மேன் ஐயா, பல்பு வைத்துப் பார்த்தேன். சாவி என் சட்டைப்பையில் இருக்கும்போதே முழு வெளிச்சம். ரிலேயைப் பிடுங்கினேன், அசையவில்லை. கிளவ் பாக்ஸைக் கழற்றி கம்ப்யூட்டரின் முதல் கனெக்டரைப் பிடுங்கியதும் பட்டென்று அணைந்தது. திரும்ப மாட்டினால் எரிகிறது. மூன்று தடவை செய்தேன், தம்பியையும் கூப்பிட்டுக் காட்டினேன், அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பெட்டியைத் திறந்தும் பார்த்தேன். கனெக்டர் பக்கத்தில் கறுப்பாக ஒரு சின்ன டயோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுகிற சாமான்) இரண்டாகப் பிளந்திருக்கிறது, அதைச் சுற்றி ஒரு காசு அளவுக்குப் பலகை கருகி உப்பியிருக்கிறது. மொபைல் ரிப்பேர் செய்கிற நண்பன் டயோடு மட்டும் என்றால் பத்து நிமிஷம், பலகை அடுக்கு எரிந்திருப்பதால் தொடமாட்டேன் என்கிறான். சிவப்பு விளக்கு சிமிட்டவில்லை, அந்த மட்டும் நிம்மதி.

மோல்மீன் வயர்மேன் எழுதியது:

அந்த டயோடு காவலாளி. பேட்டரி தலைகீழானால் அது தன்னைக் கொடுத்து மற்றதைக் காப்பாற்றும், 15 ஆம்ப் ஃபியூஸும் போய்விடும், கதை முடிந்தது. பலகையை எரித்தது உன் தம்பி இல்லை, 30 ஆம்ப். அவனை விட்டுவிடு.

மாற்றத்தான் வேண்டும். பெட்டி மேல் ஸ்டிக்கரில் 89661 என்று ஆரம்பிக்கிற நம்பர் இருக்கும், கோடு போட்டு அப்புறம் ஐந்து எண். கடைசி எண் வரைக்கும் அதே வேண்டும். கை கியர், ஆட்டோ, இரண்டு சக்கரம், நாலு சக்கரம் எல்லாம் அந்தக் கடைசி எண்களில்தான் மாறும். கடைக்காரர் 'எல்லாம் ஒன்றுதான்' என்று டீ வாங்கிக் கொடுத்தாலும் குடித்துவிட்டு எழுந்து வா. கனெக்டர் கால்களில் பச்சை பூத்திருந்தால் அதுவும் வேண்டாம், மழைத்தண்ணீர் குடித்த பெட்டி.

மாட்டும்போது பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு வேலை செய். பெட்டியைத் தொடும் முன் வண்டி இரும்பில் ஒரு தரம் கை வை.

தாம்வே தம்பி எழுதியது:

பத்து நாள் ஆயிற்று, மன்னிக்கவும். முதல் கடையில் கடைசி எண் வேறு, இரண்டாவதில் எண் சரி, பச்சை பூத்திருந்தது. மூன்றாவதில் கிடைத்தது, பேரம் பேசி மூன்றரை லட்சம், மாட்டிப் பார்த்து ஓடினால்தான் காசு என்று ஒத்துக்கொள்ள வைத்தேன். சாவியைத் திருப்பியதும் அந்த மஞ்சள் எஞ்சின் விளக்கு எரிந்தது பாருங்கள், ஒரு விளக்கு எரிவதற்காக இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. முதல் சில நிமிஷம் ஐடில் ஏறி இறங்கி ஆடியது, அப்புறம் தானாக அடங்கிவிட்டது. கியர் சரியாக மாறுகிறது.

மோல்மீன் வயர்மேன் எழுதியது:

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார். 13.5க்கும் 14.5க்கும் நடுவில் இருக்க வேண்டும். தலைகீழ் பேட்டரி ஆல்டர்னேட்டர் டயோடையும் தின்றிருக்கலாம், 120 ஃபியூஸ் போனதே அந்த வழியில்தான்.

தாம்வே தம்பி எழுதியது:

14.1 ஐயா. ஹெட்லைட் போட்டால் 13.9.

மோல்மீன் வயர்மேன் எழுதியது:

நல்லது. எரிந்த பெட்டியைத் தூக்கிப் போடாதே, கனெக்டருக்கும் உள்ளே இருக்கிற மற்ற சாமானுக்கும் எனக்கு வேண்டும். மோல்மீன் பஸ்ஸில் போட்டுவிடு, பஸ் கூலி நான் கொடுக்கிறேன்.