மறு: ‘இனச்சிக்கல்’ வேண்டாம், ‘இனப்பின்னல்’ என்போம்

வணக்கம் ஐயா,

உயிரியலில் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிய, எல்லை எங்கே என்று சட்டென்று சொல்ல முடியாத இனங்களின் கூட்டத்துக்கு (species complex) ஒரு தமிழ்ச்சொல் கட்டாயம் வேண்டும். நீங்கள் தந்த ‘இனச்சிக்கல்’ பொருளளவில் சரிதான். ஆனால் இலங்கை மலையகத்தில், ஹற்றனில் ஒரு வகுப்பறையில் அதை என்னால் கரும்பலகையில் எழுத முடியாது. இங்கே ‘இனம்’ என்றால் பிள்ளைகளுக்கு முதலில் நினைவுக்கு வருவது சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள்தான். ‘இனச்சிக்கல்’ என்றால் அது பத்திரிகைத் தலைப்பு. ‘இனக்குழு’வும் அப்படியே.

ஏற்கெனவே உள்ள சொற்களோடு படும் பாடு போதும். தமிழ்நாட்டில், உங்கள் பக்கம் ‘பேரினம்’ (genus) என்பது எங்கள் பாடநூலில் ‘சாதி’. உங்கள் ‘வரிசை’ (order) எங்களுக்கு ‘வருணம்’. இருபது வருடமாக “ஒரே சாதியைச் சேர்ந்த இரண்டு இனங்கள்” என்று படிப்பிக்கிறேன். ஒவ்வொரு முறையும் வகுப்பில் யாராவது தலையைக் குனிந்துகொள்வார்கள். பழையதை மாற்றுவது கடினம், சரி. புதிதாக ஆக்குவதிலாவது கவனமாக இருப்போம்.

போன மாதம் ஒரு மாணவி கைபேசியில் இரண்டு படம் காட்டினாள். ஒன்று கண்டியில் மாமா வீட்டு வேலியில் எடுத்தது. ஈசுரமூலிக் கொடியில் ஒரு பெண் வண்ணத்துப்பூச்சி. கரிய முன்சிறகு, மழைத்துளி ஒட்டிய மஞ்சள் பின்சிறகு, அதில் வரிசையாகக் கறுப்பு முக்கோணங்கள். மற்றது நீலகிரியின் கூடலூரிலிருந்து சித்தி அனுப்பியது. மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே போன குடும்பம்.

“சேர், ரெண்டும் ஒன்னுதானே?”

இங்குள்ளது டிரொய்டிஸ் டார்சியஸ். இலங்கைக்கு மட்டுமே உரியது, எங்கள் தேசிய வண்ணத்துப்பூச்சி. கூடலூரில் இருப்பது டிரொய்டிஸ் மினோஸ். ஆனால் அவள் கேள்வியைத் தப்பென்று தள்ள முடியாது. அந்த மினோஸையே முன்பு டிரொய்டிஸ் ஹெலனாவின் துணையினமாகத்தான் வைத்திருந்தார்கள். ஹெலனா, லின்னேயஸ் 1758இல் பெயரிட்டது. வடகிழக்கு இந்தியாவிலிருந்து இந்தோனேசியா வரை பறப்பது.

இயற்கையில் தம்முள் கூடி இனம்பெருக்குபவை ஓர் இனம் என்று 1942இல் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மயர் வரையறுத்தார். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து ஒருநாளும் சந்திக்காதவற்றை அந்த அளவுகோலால் எப்படிச் சோதிப்பது? அதனால்தான் ஆணின் புணர்ச்சி உறுப்பை நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள், இழைமணி (mitochondria) மரபணுவை ஒப்பிடுகிறார்கள். இவை எல்லாம் எப்போதும் ஒரே பதிலைச் சொல்வதுமில்லை. ஒருவர் இரண்டாகப் பிரித்ததை இன்னொருவர் ஒன்றாகச் சேர்ப்பார்.

அதனால் என் பரிந்துரை ‘இனப்பின்னல்’. அந்த மாணவியின் இரட்டைப் பின்னலைப் பார்த்தபோதுதான் தோன்றியது. தூரத்தில் ஒரே கயிறு போல இருக்கும். கிட்டப் போனால் மூன்று புரி தெரியும், எது எங்கே உள்ளே போய் எங்கே வெளியே வருகிறது என்று விரலால் தொட்டுத்தான் சொல்ல முடியும். ‘இனக்கொத்து’ என்று இன்னொரு நண்பர் எழுதியதும் அழகான சொல்தான். ஆனால் கொத்தில் ஒவ்வொரு காயும் தனித்தனியாகத் தெரியுமே. இங்கே தெரியாததுதானே பிரச்சினை.

வாக்கியத்தில் வைத்தும் பார்த்தேன். இத்தகைய கூட்டங்களை அதில் உள்ள ஓர் இனத்தின் பெயராலேயே அழைப்பது வழக்கம். ‘ஹெலனாச் சிக்கல்’ என்றால் யாரோ ஒரு பெண்ணுக்கு வந்த தொல்லை போல இருக்கிறது. ‘ஹெலனாப் பின்னல்’ இடறாமல் வருகிறது. ஆய்வாளர்கள் செய்யும் வேலைக்குப் ‘பின்னல் பிரித்தல்’ என்ற வினையும் கூடவே கிடைக்கிறது.

நாங்கள் ‘இனம்’ என்பதை நீங்கள் ‘சிற்றினம்’ என்பதால், உங்கள் பக்கம் ‘சிற்றினப்பின்னல்’ என்று எழுதினாலும் எனக்குச் சம்மதம். பின்னல் மட்டும் இருக்கட்டும். அடுத்த தவணையில் உயிரிகளின் பாகுபாட்டு அலகு தொடங்குகிறது. அதற்குள் முடிவானால் அந்த இரண்டு படங்களையும் ஒட்டி, மேலே இந்தச் சொல்லை எழுதிப் பாடத்தைத் தொடங்குவேன்.