மெத்தடுக்குள்ள ஸ்ட்ரிங் மாறுது, வெளிய வந்தா பழையபடியே இருக்கு

கத்துக்குட்டி88:
ஜாவா இப்பதான் படிக்கிறேன். பேருக்கு முன்னாடி பின்னாடி இருக்குற ஸ்பேஸை எடுக்க சுத்தம்செய்னு ஒரு குட்டி மெத்தட் எழுதினேன், வாய்ட் தான் (எதையும் திருப்பிக் குடுக்காது), உள்ள பெயர் = பெயர்.ட்ரிம்(), அவ்ளோதான். கவி-க்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு ஸ்பேஸ் வச்சு அனுப்பினேன், லென்த் போட்டு பாத்தா மெத்தடுக்குள்ள 3, மெயினுக்கு வந்தா 7. எர்ரரும் இல்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு மணி நேரமா மண்டைய பிச்சிக்கிறேன். ஆப்ஜெக்ட அனுப்பினா உள்ள பண்ற மாத்தம் வெளியவும் தெரியும்னு தானே சொல்லிக் குடுத்தாங்க, ஸ்ட்ரிங்கும் ஆப்ஜெக்ட் தானே??

செமிகோலன்:
ஆப்ஜெக்ட் தான், ஆனா ஒரு தடவ உருவாயிடுச்சுன்னா அத மாத்த முடியாது. ட்ரிம் பழசுல கையே வைக்கல, ஸ்பேஸ் இல்லாம புதுசா ஒண்ணு செஞ்சு குடுக்குது. அத நீங்க போட்டு வச்சது பாராமீட்டர்ல, அது அந்த மெத்தடுக்கு மட்டும் சொந்தம், மெத்தட் முடிஞ்சா அதுவும் போச்சு, மெயின்ல இருக்குற பெயர் இன்னும் அந்த பழசயே தான் புடிச்சிட்டு நிக்குது. வாய்ட எடுத்துட்டு ஸ்ட்ரிங்னு போட்டு உள்ள ரிட்டர்ன் பெயர்.ட்ரிம்(); னு ஒரே வரி எழுதுங்க.

கத்துக்குட்டி88:
போட்டாச்சு, இன்னும் 7 தான் 😭

செமிகோலன்:
கூப்பிடுற வரிய காட்டுங்க

கத்துக்குட்டி88:
சுத்தம்செய்(பெயர்);

செமிகோலன்:
அதான பாத்தேன். அது குடுக்குது, நீங்க வாங்கிக்கல. பெயர் = சுத்தம்செய்(பெயர்); னு மாத்துங்க. ரிட்டர்ன் ஆனத யாரும் வாங்காம விட்டாலும் ஜாவா கண்டுக்காது, அதான் எர்ரர் வரல.

நைட்ஷிஃப்ட்:
எதுக்கு இவ்ளோ சுத்தி வளைக்கணும், பெயர கிளாஸ்ல ஃபீல்டா வச்சுட்டு வாய்ட் மெத்தட்லயே மாத்திடலாமே. நான் அப்படித்தான் பண்றேன்

பழையகோடர்:
ஓடும், இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கு முகவரியயும் சுத்தம் பண்ணணும்னா இன்னொரு மெத்தட் எழுதுவீங்களா? ஒண்ண வாங்கி ஒண்ண திருப்பிக் குடுக்குற மெத்தட் எந்த ஸ்ட்ரிங்குக்கும் ஆகும், டெஸ்ட் பண்றதும் ஒரு வரி தான். செட்டர் மாதிரி ஆப்ஜெக்டோட சொந்த ஃபீல்ட மாத்தறதே வேலைன்னா வாய்ட் சரி, அதுக்குள்ளயும் திஸ்.பெயர் = சுத்தம்செய்(பெயர்); னு இதையே கூப்பிட்டுக்கலாம்.

கத்துக்குட்டி, உங்க ஆப்ஜெக்ட் டவுட்டுக்கு: ஒரு ஸ்ட்ரிங்பில்டர (மாத்த முடியுற ஸ்ட்ரிங் மாதிரி) அனுப்பி உள்ள அப்பெண்ட் பண்ணி, அதாவது கடைசில எதையாவது சேத்து பாருங்க, வெளியவும் தெரியும், ஏன்னா அங்க அந்த ஆப்ஜெக்டயே மாத்துறீங்க. அதுவே பாராமீட்டர்ல நியூ போட்டு வேற பில்டர வச்சீங்கன்னா தெரியாது. ஆப்ஜெக்ட்னா ஜாவா அனுப்புறது எப்பவும் ரெஃபரன்ஸோட (அந்த ஆப்ஜெக்ட சுட்டிக் காட்டுறதோட) காப்பி தான், ஸ்ட்ரிங்குக்குன்னு தனி ரூல் எல்லாம் கெடையாது.

கத்துக்குட்டி88:
3 வந்துருச்சு வந்துருச்சு!! பில்டரையும் பாத்துட்டேன், நியூ போட்டா நெஜமாவே தெரியல. ரொம்ப தேங்க்ஸ். ஆமா, கவி ரெண்டு எழுத்து தானே, ஏன் 3?

செமிகோலன்:
வி-ல வ தனி, இகரக் குறி தனி, ஜாவாவுக்கு அது ரெண்டு கேரக்டர். அதுக்கு தனியா ஒரு கேள்வி போடுங்க, அது பெரிய கத 😄