நலமான குதிரைக்கு மூக்குப் பரிசோதனை எதற்கு?

லாயத்து மருமகள்:
தென்னாப்பிரிக்காவின் ஷாங்வேனி பக்கம் நடக்கப்போகும் தடைதாண்டும் போட்டிக்கு வரும் எல்லாக் குதிரைகளுக்கும் மூக்கில் ஸ்வாப் எடுத்து பி.சி.ஆர். பரிசோதனை செய்ய வேண்டும் என்று எங்கள் குழுவில் கேட்டிருக்கிறேன். இருமாமல், சளி ஒழுகாமல், தீனியை மிச்சம் வைக்காமல் நிற்கும் குதிரைகளில் சிலவும் கிருமியை வெளியே விடுகின்றன. யாருக்கு ஆட்சேபம்?

சேணம்:
எனக்குத்தான். இன்ஃபுளுவென்சா தடுப்பூசிக்குச் செலவழித்தாகிவிட்டது. கோடை முழுவதும் காலையும் மாலையும் வெப்பமானியோடு லாயத்தைச் சுற்றுகிறோம். இதற்குமேல் ஆய்வகத்துக்கும் அழ வேண்டுமா?

லாயத்து மருமகள்:
ஐயா, அந்த வெப்பமானி ஆப்பிரிக்கக் குதிரை நோய்க்காக. அது பூச்சிக்கடியால் வருவது. குதிரையிடமிருந்து குதிரைக்கு நேராகத் தொற்றாது. அந்தப் பயத்தில் பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றையும் உள்ளே அடைத்து வலை கட்டுகிறோம். பூச்சிக்கு அது சரி. மூச்சில் பரவும் கிருமிக்கோ நாமே கூட்டம் சேர்த்துக் கொடுக்கிறோம். தடுப்பூசி நோயின் கடுமையைக் குறைக்கும். போட்ட குதிரை வைரஸைப் பரப்பவே பரப்பாது என்று அதற்குப் பொருளில்லை. 1986 இறுதியிலும் 2003 டிசம்பரிலும் இன்ஃபுளுவென்சா இறக்குமதிக் குதிரைகளோடு இந்நாட்டுக்குள் நுழைந்ததை மறந்துவிட்டீர்களா?

சேணம்:
மறக்கவில்லை, அம்மா. அது எல்லையில் கோட்டைவிட்ட கதை. அதற்கு என் லாயத்துக் குதிரை ஏன் தண்டம் கட்ட வேண்டும்? இன்னொன்று: ஹெர்பிஸ் வைரஸ் உடலுக்குள் ஆயுள் முழுக்கப் பதுங்கியிருக்கும். புதன்கிழமை ஸ்வாப்பில் ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமை ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வான் ரீனன் கணவாய் வழியாக லாரியில் ஆடி அலைந்து வந்த களைப்பில் அது விழித்துக்கொள்ளும். உங்கள் சான்றிதழை அப்போது எதற்கு வைத்துக்கொள்வது?

வெள்ளைக்கோட்டு:
கால்நடை மருத்துவம் பார்ப்பவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். ஹெர்பிஸ் விஷயத்தில் சேணம் ஐயா சொல்வது சரி. பி.சி.ஆரும் மரபணுத் துணுக்கைத்தான் காட்டும். உயிருள்ள கிருமியா, செத்ததா என்று சொல்லாது. ஆனால் வெப்பமானியை நம்பி நிம்மதியாக இருப்பவர்கள் ஸ்ட்ராங்கிள்ஸ் என்ற தொண்டை வீக்கத் தொற்றை மறக்கிறார்கள். தேறிய குதிரைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று, தொண்டைக்கு மேலுள்ள காற்றுப் பையில் பாக்டீரியாவை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் சுமக்கும். காய்ச்சல் கிடையாது, வீக்கம் கிடையாது. ஒற்றை மூக்கு ஸ்வாப் அதையும் தவறவிடும். எண்டோஸ்கோப் விட்டு அந்தப் பையைக் கழுவி எடுத்த நீரைத்தான் சோதிக்க வேண்டும்.

சேணம்:
பாருங்கள், ஸ்வாப் வீண் என்று மருத்துவரே சொல்லிவிட்டார்.

வெள்ளைக்கோட்டு:
அப்படிச் சொல்லவில்லை, ஐயா. எல்லாருக்கும் ஒரே ஸ்வாப் என்பது மோசமான பேரம் என்றேன். ஸ்ட்ராங்கிள்ஸ் வந்து தேறிய குதிரைக்குப் பை கழுவல், களத்தில் 38.5 டிகிரியைத் தொட்ட குதிரைக்கு உடனே தனிமையும் ஸ்வாப்பும். 2021இல் ஸ்பெயினின் வாலென்சியா போட்டியில் ஹெர்பிஸ் பரவி ஐரோப்பாவில் 18 குதிரைகள் செத்த பிறகு, சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பும் தன் போட்டிகளில் தினம் இருமுறை வெப்பநிலையைப் பதியச் சொல்லிவிட்டது.

லாயத்து மருமகள்:
தேறியதை யார் வாய்விட்டுச் சொல்வார்கள்? விற்கும்போது மறைக்கிறவர்கள் போட்டிப் படிவத்தில் மட்டும் எழுதிவிடுவார்களா? அதனால்தான் எல்லாருக்கும் என்கிறேன். கூடவே ஒரே தண்ணீர்த் தொட்டியில் நாற்பது மூக்கு நுழைவதும் நிற்க வேண்டும்.

சேணம்:
தனி வாளி, தனி துடைப்பான், தனி கடிவாளம்: மூன்றுக்கும் நான் தயார். ஆய்வகப் பில்லை மட்டும் குழு கட்டட்டும்.

லாயத்து மருமகள்:
பரிசுப் பணத்தில் பாதியைக் குழுவுக்கு விட்டுக்கொடுங்கள், கட்டச் சொல்கிறேன்.