அடியில் தூள் படியும் வரை: திருகோணமலையில் குடித்த கோப்பிகள்

(ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதினவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர்.)

டச்சுக்குடா:

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கினால் நான் நேரே வீட்டுக்குப் போவதில்லை. எங்காவது ஒரு கோப்பி குடித்துவிட்டுத்தான் போவேன். பதினைந்து வருசப் பழக்கம். பஸ் நிலையத்தடியில் எந்தக் கடை, மீன் சந்தைப் பக்கம் எந்தக் கடை, உப்புவெளியில் மிசின் வைத்திருக்கிறவர்களில் யாருடையது நல்லது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வேன். ஆனால் எழுத வந்தது அதை இல்லை.

போன மாதம் மத்திய வீதியிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில், நிலம் வெளிக்க முன்னம், ஒரு சின்னக் கடை திறந்திருந்தது. ஒரு வாங்கு, ஒரு அடுப்பு, அறுபது தாண்டிய ஒரு அம்மா. வாசலில் இரண்டு மான் நின்றது, நம் ஊர் வழக்கம்தானே. கோப்பி இருக்கா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு பீங்கான் கோப்பையைக் கொண்டு வந்து வைத்தார். பக்கத்தில் இருந்த ஓட்டோக்காரருக்குக் கண்ணாடிக் கிளாஸ், எனக்கு மட்டும் கோப்பை. விளிம்பில் நீலக் கோடு, கைபிடி ஒருமுறை உடைந்து ஒட்டின அடையாளம்.

நான் கரண்டியை எடுத்துக் கலக்கப் போனேன். அவர் சட்டென்று உள்ளங்கையால் கோப்பையை மூடினார். "கலக்காதீங்க தம்பி. தூளு அடியில போகட்டும்." கையை எடுக்கவில்லை. விரல் இடுக்கால் ஆவி வந்துகொண்டே இருந்தது. அவருக்குச் சுடவில்லையா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் அம்மா இதையேதான் செய்வார், இதே மாதிரி, உள்ளங்கையால். தட்டு இருந்தாலும் தட்டை வைக்க மாட்டார். அம்மா போய் ஒன்பது வருசம். இது அம்மாவின் பழக்கம் மட்டும் என்று அன்றுவரை நினைத்திருந்தேன்.

இரண்டு கிழமை கழித்துத் திரும்பப் போனேன். கிளாஸில் வந்தது, பக்கெட் தூளில் கலக்கின நுரைக் கோப்பி. அம்மா, அன்றைக்குத் தந்தது வேண்டும் என்றேன். "அது இங்க விக்கிறதில்ல தம்பி. எனக்குன்னு போட்டது. நீங்க ரயில்ல வந்து எறங்கின மொகமா இருந்தீங்க, அதான் குடுத்தேன்."

அவருடைய விடியற்காலைக் கோப்பியை நான் குடித்திருக்கிறேன். குடித்துவிட்டு நூறு ரூபாயை வாங்கில் வைத்துவிட்டு, நல்லா இருந்தது என்றுகூடச் சொல்லாமல் எழும்பி வந்திருக்கிறேன்.

துறையடி:

டச்சுக்குடா நானா, வாசித்துவிட்டு வாப்பாவை நினைத்தேன். 2009-இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை எங்களுக்குப் பாதைதானே, ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை. துறையடியில் ஒரு கடை, இஞ்சி தட்டிப் போட்டுக் கடுங்கோப்பி தருவார்கள், தொண்டையில் இறங்கும்போது காது வரைக்கும் சூடு போகும். ஒருநாள் வாப்பாவை திருகோணமலை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக் கூட்டிப் போகிறேன். பாதை வெளிக்கிடப் போகிறது, எல்லாரும் ஏறிவிட்டார்கள், வாப்பா கிளாஸைக் கையில் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறார். "வாப்பா, எழும்புங்க!" என்று கத்தினேன். ஆட்கள் முன்னால். அவர் என்னைப் பார்த்தார், கிளாஸைப் பார்த்தார், மீதியைக் குடிக்காமல் மெதுவாகக் கீழே வைத்தார்.

அரைக் கிளாஸ் இருக்கும். அந்தக் கடை இருந்த இடத்தைப் பாலத்தால் போகும்போது இப்பவும் பார்ப்பேன். வேறொன்றும் சொல்ல இல்லை.

வறுவல்:

நான் குடித்ததில் மறக்காதது நிலாவெளி வீதியில் ஒரு கடையில். அங்கே வேலை செய்த தம்பி வறுத்த கொட்டையைக் கையில் கொட்டி "முதல்ல மணந்து பாருங்கண்ணா" என்றான். பழம் பழுத்த மாதிரி ஒரு வாசம். அன்றைக்குத்தான் கோப்பி ஒரு பழத்தின் விதை என்பது எனக்கு உறைத்தது. அன்றிலிருந்து நானே வறுக்கிறேன்.

டச்சுக்குடா, உங்களுக்கு அந்தக் கோப்பி வேண்டுமென்றால் வீட்டிலேயே போடலாம், கடினமே இல்லை. பச்சைக் கொட்டை கால் கிலோ வாங்குங்கள், அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். அடி கனத்த இரும்புத் தாச்சி, நடுத்தர நெருப்பு. கை நிற்கவே கூடாது. முதலில் வைக்கோல் வாசம் வரும், பிறகு பாண் வேகிற வாசம், பிறகு சோளம் பொரிகிற மாதிரி வெடிக்கத் தொடங்கும். அந்த வெடிப்பு ஓய்ந்து ஒன்றிரண்டு நிமிடத்தில் இறக்கிவிட வேண்டும். இறக்கினதும் சுளகில் கொட்டிப் புடையுங்கள், உமியும் போகும், சூடும் ஆறும். தாச்சியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகும். அன்றே இடிக்காதீர்கள். வறுத்த கொட்டையிலிருந்து காற்று வெளியேற ஒரு நாளாவது வேண்டும். இடித்த தூள் மா மாதிரி இருக்கக் கூடாது, ரவை மாதிரி இருந்தால் போதும், அப்போதுதான் அடியில் நன்றாகப் படியும்.

அப்புறம் தண்ணீர். நம் ஊரில் கடற்கரைக் கிணறுகள் பாதி உவர். அந்தத் தண்ணீரில் எந்தத் தூளும் எடுபடாது. குழாய்த் தண்ணீரோ வடிகட்டினதோ எடுங்கள். கொதித்ததை இறக்கி அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். 150 மில்லிலீற்றருக்குப் பத்துக் கிராம் தூள். நாலு நிமிடம். குளிர்சாதனப் பெட்டியில் தூளை வைக்கவே வேண்டாம், ஈரமும் மீன் மணமும் ஏறும். நம் கடைகளில் நடக்கிற பெரிய பிழை கொட்டையைக் கரியாகும் வரை வறுப்பது. அதற்கு மேல் மல்லியும் வேர்க்கொம்பும் போட்டால் கோப்பியின் சொந்த ருசி எங்கே இருக்கிறது? அந்த அம்மாவின் கோப்பியில் மல்லி இருந்ததா என்று சொல்லுங்கள், அளவு தருகிறேன்.

உவர்மலைப் பிள்ளை:

வறுவல் அண்ணா, நீங்கள் சொன்ன முறை நல்லது. ஆனால் "பிழை" என்று சொன்னதை ஏற்க முடியாது. என் அம்மம்மா கொட்டை எண்ணெய் விட்டு மினுங்கும் வரை வறுப்பார். வறுபட்டு முடிகிற நேரத்தில் ஒரு கைப்பிடி மல்லி, ஒரு துண்டு வேர்க்கொம்பு, நாலு மிளகு. எங்கள் தோட்டங்களில் கிடைத்தது ரோபஸ்டா. உயரமான மலையில் விளைகிற அராபிக்காவில் வருகிற பழ வாசம் அதில் வராது, கசப்புத்தான் அதன் குணம். அந்தக் கசப்பை எப்படி ருசியாக்குவது என்று தெரிந்துதான் அவர்கள் மல்லி போட்டார்கள். அதுவும் ஒரு கைப்பக்குவம்.

நான் சொல்ல வந்தது அம்மாவின் செத்தவீடு. இரவு இரண்டு மணி இருக்கும். அழுது குரலே போய்விட்டது, யாரோ என்னைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். முன்வீட்டு மாமி கேத்தலோடு வந்தார். அவருக்கும் அம்மாவுக்கும் வேலிச் சண்டை, ஏழு வருசம் பேச்சு இல்லை. எல்லாருக்கும் வெறுங்கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தவர் என் முன்னால் குந்தினார். சட்டை மடிப்பிலிருந்து ஒரு பனங்கட்டித் துண்டை எடுத்து என் வாயில் வைத்து, கோப்பையைப் பிடித்துப் பருக்கினார். "குடிச்சிட்டு அழு பிள்ளை."

அந்தக் கோப்பி கருக வறுத்ததுதான். மல்லியும் இருந்தது.

டச்சுக்குடா அண்ணா, ஒன்று கேட்கிறேன். அந்த அம்மா "கலக்காதீங்க" என்றா சொன்னார்? "எறங்கின மொகம்" என்றா? அது எங்கள் பக்கப் பேச்சு இல்லையே. மலையகத்து ஆளாக இருக்கலாம். உங்கள் அம்மாவின் ஊர் எது?

கல்லோயாச் சந்தி:

எனக்கும் மல்லியில்தான் கதை. 2010, யுத்தம் முடிந்து அடுத்த வருசம், கொழும்பிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். கந்தளாயில் ரயர் காற்றுப் போய் நிறுத்திவிட்டார்கள். தெருவோரக் கடை, ஒரு சிங்கள ஐயா, வயசு எழுபது இருக்கும். கேத்தலைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, "மல்லி, கோப்பி?" என்றார். எனக்கு மல்லி வாசம் கோப்பியில் ஒத்துக்கொள்ளாது. எனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில் ஒன்றை எடுத்து, "மல்லி எப்பா" என்றேன்.

சிரிப்பு அப்படியே நின்றது. தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுக் கோப்பியை ஊற்றித் தந்தார், காசை வாங்கினார், அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நல்ல கோப்பி. பஸ் தம்பலகாமம் தாண்டும்போதுதான் எனக்கு விளங்கியது. சிங்களத்தில் மல்லி என்றால் தம்பி. அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டிருக்கிறார். நான் "தம்பி வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறேன். அந்த வருசத்தில், ஒரு தமிழ்ப் பொடியன், அந்த ஐயாவுக்கு.

வறுவல்:

கல்லோயா, அதை இவ்வளவு மனதில் வைக்க வேண்டாம். சிங்களத்திலும் கொத்தமல்லியைக் கொத்தமல்லி என்றுதான் சொல்வார்கள், அவரே பிறகு கண்டுபிடித்திருப்பார். இன்னொரு தடவை அந்தப் பக்கம் போனால் சொல்லிவிடுங்கள்.

உவர்மலைப் பிள்ளை, "பிழை" என்றதை எடுத்துவிடுகிறேன். ஆனால் எண்ணெய் மினுங்க வறுத்த கொட்டை சீக்கிரம் கெட்டுப்போகும் என்பது உண்மை. ஒரு கிழமைக்குள் முடியுங்கள்.

கல்லோயாச் சந்தி:

கண்டுபிடித்திருப்பார் என்று நீங்கள் சொல்கிறீர்கள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன் அண்ணா.

அலஸ்தோட்டம்:

நான் கடை வைத்திருப்பவன். வெளிநாட்டுக்காரரை நம்பி நடக்கிற கடை, இத்தாலி மிசின், கடன் எடுத்து வாங்கினது. 2022 மார்ச் 31, நாடு முழுக்கப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸும் இல்லை, பால்மாவும் இல்லை. மிசின் செத்துக் கிடக்கிறது. சும்மா இருக்க மனம் வராமல் முற்றத்தில் மூன்று கல் வைத்து, தென்னம்பாளையும் பொச்சும் எரித்து, கேத்தலில் தண்ணீர் வைத்தேன். தூளைத் துணியில் கட்டி வடித்தேன்.

கடற்கரையில் தோணி வைத்திருக்கிற ஒரு ஐயா, தினமும் என் கடையைத் தாண்டித்தான் போவார், ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. அன்றைக்குப் புகையைப் பார்த்து வந்தார். மண்ணெண்ணெய் இல்லாமல் அவருக்கும் கடல் இல்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன், மாட்டேன் என்று படியில் இருந்தார். ஒரு மிடறு குடித்தார். "இதுதானே தம்பி கோப்பி. இவ்வளவு நாளும் இதை எங்க வச்சிருந்தனீ?" அன்று மாலைக்குள் பதினாறு பேர், எல்லாரும் கடல் தொழில் செய்கிறவர்கள், என் படியில்.

கரண்ட் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் பழையபடி வந்தது. மிசின் ஓடுகிறது, விலைப் பலகை திரும்பத் தொங்குகிறது. அவர் திரும்பவும் தாண்டிப் போகிறார், கையை உயர்த்திச் சிரிப்பார். கேத்தல் கோப்பியும் போடுகிறேன் என்று ஒருநாள் ஓடிப்போய்ச் சொன்னேன். "வாறன் தம்பி" என்றார். வரவில்லை.

உவர்மலைப் பிள்ளை:

அலஸ்தோட்டம் அண்ணா, அடுப்பை முற்றத்தில் வையுங்கள். உள்ளே இருந்தால் அவர் வர மாட்டார்.

இன்னொன்று, எல்லாரும் நம்மைத் தேத்தண்ணி நாடு என்கிறார்கள். முதலில் இது கோப்பி நாடு. இலங்கையில் 1869-இல் இலைத்துரு நோய் பிடித்துத் தோட்டம் தோட்டமாக அழிந்தபிறகுதான் தேயிலை பரவியது. இந்தியாவிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுக்குள்ளால் நடந்து மாத்தளைக்குப் போன சனம் முதலில் ஆய்ந்தது கோப்பிப் பழம். லயத்துக்குப் பின்னால் இரண்டு கோப்பி மரம் வைத்திருப்பது இன்றும் அங்கே வழக்கம். அதனால்தான் அந்த அம்மாவைப் பற்றிக் கேட்டேன்.

டச்சுக்குடா:

தங்கச்சி, நீங்கள் கேட்ட கேள்வி இரண்டு நாளாக என்னை இருக்க விடவில்லை. என் அம்மா மாத்தளைப் பக்கம் எல்கடுவைத் தோட்டத்தில் பிறந்தவர். 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பமாக இங்கே வந்தவர்கள். வந்த பிறகு அம்மா இந்த ஊர்ப் பேச்சைத்தான் பேசினார், எங்களோடும். கோபம் வந்தால் மட்டும் "ங்க" வரும். அந்தக் கடையில் அதைக் கேட்டும் எனக்கு எட்டவில்லை.

இன்று விடிய நாலரைக்கே போனேன். வறுவல் சொன்ன மாதிரி பச்சைக் கொட்டை கால் கிலோ கையில். அம்மா, உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டே "ரத்தோட்டை" என்றார். அதுவும் மாத்தளைப் பக்கம். நான் எல்கடுவை என்றேன். ஊதுவதை நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு பையை வாங்கி, ஒரு கொட்டையை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்தார். "இன்னும் காயணும். மொட்டமாடியில ரெண்டு நாளு போடுறேன். ஞாயித்துக்கெழம வாங்க, வறுப்போம்." நீலக் கோடு போட்ட கோப்பையை இன்று அவர் பக்கம் வைத்துக்கொண்டார். எனக்குக் கிளாஸ். காசை எடுத்தேன், கையைத் தட்டிவிட்டார்.

வறுவல், மல்லி போடுவாரா என்று ஞாயிற்றுக்கிழமை பார்த்துச் சொல்கிறேன்.