சின்ன அறக்கட்டளை: நம் வேலையால்தான் மாற்றம் வந்தது என்று எப்படிச் சொல்வது?

மாலைமையம் எழுதியது:

வணக்கம். திண்டிவனம் பக்கத்தில் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை பார்க்கிறேன். ஆறு கிராமங்களில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். வளரிளம் பெண்களுக்கு ரத்தசோகை முகாம், பன்னிரண்டாவது முடித்த பெண்களுக்குத் தையல், கணினிப் பயிற்சி, மகளிர் குழுப் பெண்களுக்குத் தலைமைப் பயிற்சி என்று மற்றதும் உண்டு. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய். ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். பணம், அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்கும் தொகை.

இதுவரை வருகைப் பதிவேடு, போட்டோ, பயனாளிகள் பட்டியல் அனுப்பினால் போதும். இந்த வருஷம் கம்பெனிக்கு வந்த புது மேலாளர் இம்பாக்ட் அசெஸ்மென்ட் (தாக்க மதிப்பீடு) வேண்டும், சட்டப்படி கட்டாயம் என்கிறார். அவர் அனுப்பிய எக்செல் படிவத்தில் 'மேம்பட்டோர் சதவீதம்', 'தலைமைப் பண்பு வளர்ந்தோர் சதவீதம்' என்றெல்லாம் கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டங்களில் ஏதாவது ஓர் எண்ணைப் போட்டு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் மையத்தில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண். ஜூனில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறினாள். இப்போது மெயின் ரோட்டில் நின்று பஸ் போர்டைக் கடகடவென்று படிக்கிறாள். பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அவள் பள்ளிக்கு இந்த வருஷம்தான் ஒரு நல்ல டீச்சரும் வந்திருக்கிறார். எங்கள் மையத்தால்தான் என்று எப்படி எழுதுவது?

முழுநேரப் பணியாளர்கள் இரண்டு பேர்தான். நேர்மையாக அளக்க எங்களால் முடிந்தது என்ன? எதை விட்டுவிடலாம்?

---

களத்துமேடு எழுதியது:

முதலில் சட்டத்தைப் பேசிவிடுவோம். சி.எஸ்.ஆர். விதிகள் 2021 ஜனவரியில் திருத்தப்பட்டன. முந்தைய மூன்று நிதியாண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாய்க்குக் குறையாமல் சி.எஸ்.ஆர். செலவு செய்யக் கடமைப்பட்ட கம்பெனிக்குத்தான் தாக்க மதிப்பீடு கட்டாயம். அதிலும் 1 கோடியோ அதற்கு மேலோ செலவான திட்டங்களுக்கு மட்டும், திட்டம் முடிந்து ஓராண்டாவது ஆன பிறகு. அதைச் செய்ய வேண்டியதும் வெளியார், நீங்கள் இல்லை. உங்கள் 18 லட்சம் அந்தக் கணக்கில் வராது. அதற்காக மேலாளரிடம் சட்டம் பேசிச் சண்டை போட வேண்டாம். "இந்த அறிக்கையை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். கிராமங்களைக் கூட்டப் போகிறாரா, உங்கள் நான்கு வேலைகளில் ஒன்றை நிறுத்தப் போகிறாரா என்று தெரிந்தால் பாதி படிவம் தேவைப்படாது.

இப்போது அந்த ஐந்தாம் வகுப்புப் பெண்ணுக்கு வருகிறேன். மதிப்பீட்டு வேலையில் பல வருஷமாக இருக்கிறேன். நீங்கள் கேட்டதை விட முக்கியமான கேள்வி இந்தத் துறையில் கிடையாது. குழந்தைகள் எப்படியும் வளர்கிறார்கள், எப்படியும் ஏதோ கற்றுக்கொள்கிறார்கள். நாம் இல்லாமலே நடந்திருக்கக்கூடியது எவ்வளவு என்று பார்க்காமல் நம் பங்கைச் சொல்லவே முடியாது.

கொரோனாவில் பள்ளி மூடியதால் படிப்பை இழந்த பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்களை வைத்து மாலையில் சொல்லிக்கொடுத்த தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 அக்டோபரில் உங்கள் மாவட்டத்து மரக்காணத்தில்தான் தொடங்கினார்கள். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைச் சோதித்தார்கள். கொரோனாவுக்கு முன்பு, 2019-இல், அதே கிராமங்களில் எடுத்த அளவு அவர்கள் கையில் இருந்தது. பள்ளி திறந்த ஆறு மாதத்திற்குள் இழந்த படிப்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் ஏறக்குறைய கால் பங்குக்குத்தான் இல்லம் தேடிக் கல்வி காரணம் என்று கண்டார்கள். அது சின்ன விஷயமே இல்லை. அவ்வளவு குறைந்த செலவில் அவ்வளவு பெரிய திட்டத்துக்கு அது நல்ல பலன். ஆனால் மையத்துக்கு வந்த பிள்ளைகளுக்கு மட்டும் முன்னும் பின்னும் சோதனை வைத்திருந்தால், மீண்டது முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதியிருப்பார்கள். உங்கள் படிவம் கேட்பது அந்த மாதிரிக் கணக்கைத்தான்.

அப்படியென்றால் ஒப்பிட யாரைத் தேடுவது? சில பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே கொடுக்காமல் விடுவதா என்று உங்களுக்கு உறுத்தும். விட வேண்டியதில்லை. 2001 வாக்கில் பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் மும்பையிலும் வடோதராவிலும், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அந்தப் பகுதி இளம்பெண்களையே பள்ளிகளில் அமர்த்தியது. பாலசகி என்று பெயர். வடோதராவில் பாதிப் பள்ளிகளுக்கு மூன்றாம் வகுப்புக்குக் கொடுத்தார்கள், மீதிப் பள்ளிகளுக்கு நான்காம் வகுப்புக்கு. எந்தப் பள்ளியையும் வெறுங்கையோடு விடவில்லை. மூன்றாம் வகுப்பை மூன்றாம் வகுப்போடு ஒப்பிடவும் முடிந்தது. பின்னாளில் நோபல் பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் சேர்ந்து செய்த ஆய்வு அது. நீங்கள் அடுத்த வருஷம் புதிதாக இரண்டு ஊர் சேர்க்கப் போவதாக இருந்தால், அந்த ஊர்களில் இந்த ஜூனிலேயே சோதனை வைத்துவிடுங்கள். மார்ச்சில் மறுபடி. அதுதான் உங்கள் ஒப்பீடு. ஒன்றிரண்டு ஊரை வைத்து ஆணித்தரமாக எதுவும் சொல்ல முடியாதுதான். ஆனாலும் இப்போது கையில் இருப்பதை விட எவ்வளவோ மேல்.

சோதனைத் தாளை நீங்கள் தயாரிக்க வேண்டாம். ஏசர் (ASER) என்ற நாடு தழுவிய கற்றல் கணக்கெடுப்பின் சோதனைத் தாள் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்புப் பத்தி, இரண்டாம் வகுப்புக் கதை. கணக்கில் எண் அறிதலில் தொடங்கி, கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல் வரை. ஒவ்வொரு பிள்ளையாகத் தனியே உட்கார வைத்துக் கேட்க வேண்டும். இதில் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்: அந்தந்த மையத்தில் சொல்லிக்கொடுக்கும் அக்கா தன் பிள்ளைகளைச் சோதிக்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். குழந்தை 'ழ'வில் தடுமாறி நிற்கும்போது அக்காவின் உதடு தானாகக் குவியும், குழந்தை தாளை விட்டு அந்த உதட்டைப் பார்க்கும். அக்கா ஏமாற்றவில்லை, பாசம். அதனால் ஊர் மாற்றி அனுப்புங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடப் பெரிது. ஜூனில் பேர் எழுதிய அத்தனை பிள்ளைகளையும் மார்ச்சில் தேடுங்கள். பொங்கலுக்குப் பிறகு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு போனவர்கள், பாதியில் நின்றவர்கள் எல்லாரையும். கடைசிவரை வந்தவர்களை மட்டும் எண்ணினால் எந்த மையமும் பிரமாதமாகத்தான் தெரியும். நம் உதவி யாருக்கு அதிகம் தேவையோ அவர்கள்தான் முதலில் பட்டியலிலிருந்து காணாமல் போகிறார்கள்.

---

கிராமசெவிலியர் எழுதியது:

ரத்தசோகை முகாம் பற்றி மட்டும் சொல்கிறேன். கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8-க்குக் கீழே என்றால் கடுமையானது. முதல் முகாமில் குறைவாகக் காட்டியவர்களை மட்டும் மூன்று மாதம் கழித்துக் கூப்பிட்டுப் பார்த்து, "இத்தனை பேர் தேறிவிட்டார்கள்" என்று எழுதுவது பலர் வழக்கம். அது நம்பத்தக்கதல்ல. விரல் நுனி ரத்தத்தில் அளவு அன்றன்றைக்குக் கொஞ்சம் ஏறும், இறங்கும். குறைவாகக் காட்டியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து மறுபடி பார்த்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி கொஞ்சம் ஏறியிருக்கும். எல்லாரையும் மறுபடி பாருங்கள். அதே கருவி இருக்கட்டும். முதல் சொட்டைத் துடைத்துவிடுங்கள், விரலைப் பிழியாதீர்கள். பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைந்து காட்டும்.

பள்ளியில் வாராவாரம் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை அரசே கொடுக்கிறது, குடற்புழு நீக்க மாத்திரையும் கொடுக்கிறது. அளவு ஏறினால் அதில் உங்கள் பங்கு எது என்று பிரிப்பது கடினம். நானாக இருந்தால் வேறொன்றைக் கேட்பேன்: "போன வாரம் மாத்திரையை விழுங்கினாயா?" தட்டில் போட்டுவிட்டோம் என்பது ஒன்று, விழுங்கினாள் என்பது வேறு. வயிற்றைப் புரட்டுகிறது என்று பாவாடை முடிச்சில் வைத்துக் கொண்டுபோய் எறியும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சாப்பிட்ட பிறகு போடச் சொல்லி, அதன்பின் எத்தனை பேர் விழுங்குகிறார்கள் என்று பார்த்தால், அது உங்கள் வேலையின் பலன் என்று தைரியமாகச் சொல்லலாம்.

---

பயிற்சிக்கூடம் எழுதியது:

வேலைவாய்ப்புப் பயிற்சியில் சான்றிதழ் எண்ணிக்கையை நம்பாதீர்கள். மத்திய அரசின் தீனதயாள் கிராமத் திறன் திட்டத்தில்கூடப் பயிற்சி பெற்றவர்களில் 70 சதவீதம் பேரையாவது வேலையில் அமர்த்த வேண்டும், மூன்று மாதமாவது அந்த வேலையில் நீடித்திருக்க வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அந்த மூன்று மாதமே போதாது என்பது என் எண்ணம். நான்காவது மாதம்தான் பெண்கள் திரும்பி வருகிறார்கள்.

ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் போன் பண்ணுங்கள். சேரும்போதே அம்மா நம்பரையும் பக்கத்து வீட்டு நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பெண்ணின் நம்பர் நிச்சயம் மாறும். "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் கம்பெனி சொன்ன தொகையைச் சொல்வாள். "போன மாதம் ஹாஸ்டல், சாப்பாடு, வேன் எல்லாம் பிடித்தது போக கையில் எவ்வளவு வந்தது? வீட்டுக்கு எவ்வளவு அனுப்பினாய்?" என்று கேளுங்கள். வேலையை விட்டவளிடம் காரணம் கேளுங்கள். பகல் ஷிப்டுக்குச் சரி, இரவு ஷிப்ட் போட்டதும் வீட்டில் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்றால் குறை உங்கள் தையல் பாடத்தில் இல்லை. அடுத்த பேட்ச் தொடங்கும்போது அப்பா அம்மாவிடம் ஷிப்ட் பற்றி முன்கூட்டியே பேச வேண்டும் என்று தெரிந்துவிடும்.

---

மாலைமையம் எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலைதான் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன், நின்றுபோன பிள்ளைகளின் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு மட்டும் இருக்கிறது. ஏன் நின்றார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இந்த வாரமே வீடு வீடாகப் போகப் போகிறோம்.

ஒரு கேள்வி பாக்கி. தலைமைப் பண்புக் கட்டத்தில் என்ன எழுதுவது? அப்புறம் எண்கள் மோசமாக வந்தால் கம்பெனிக்கு அனுப்பலாமா?

---

களத்துமேடு எழுதியது:

"உங்கள் தன்னம்பிக்கை வளர்ந்ததா?" என்று கேட்டால் எல்லாப் பெண்களும் வளர்ந்தது என்றுதான் சொல்வார்கள். சொல்லிக்கொடுத்தவர் முகத்துக்கு நேரே வேறென்ன சொல்வார்கள்? அதனால் காகிதத்தைப் பாருங்கள். குழுவின் தீர்மானப் புத்தகத்தை ஒரு வருஷத்துக்குப் புரட்டினால் போதும். குழுவை நடத்தும் ஊக்குநர், பிரதிநிதி மாறினார்களா, அதே இரண்டு பேர்தானா? பேங்க்குக்குப் போனது யார்? கடன் யாருக்குப் போனது, தலைவியின் சொந்தக்காரர்களுக்கா, கடைசித் தெருவுக்கும் போனதா? தமிழ்நாட்டில் இப்போது கிராம சபை ஆண்டுக்கு ஆறு. உங்கள் ஆள் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து, பயிற்சி பெற்ற பெண்களில் எழுந்து பேசியவர் யார், என்ன கேட்டார், அது தீர்மானத்தில் ஏறியதா என்று குறித்துவரட்டும். ஏறிய தீர்மானத்தின் நகலை அறிக்கையோடு இணையுங்கள், சதவீதக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஏன் காலி என்று கீழே இரண்டு வரி எழுதிவிடுங்கள்.

மோசமாக வந்தால் கட்டாயம் அனுப்புங்கள். ஆனால் எண்ணை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள். முதலில் ஆறு ஊர் அக்காக்களையும் கூப்பிட்டு உட்கார வைத்து, எந்த ஊரில் எந்த நிலையில் பிள்ளைகள் தேங்கி நிற்கிறார்கள் என்று காட்டுங்கள். சொல்லிலிருந்து பத்திக்குப் போகாமல் நிறையப் பேர் நிற்பார்கள், பெரும்பாலும் அங்கேதான் சிக்கல் இருக்கும். என்ன மாற்றலாம் என்று அவர்களே சொல்வார்கள். அதையும் எழுதி, அதற்கு ஆகும் செலவையும் போட்டு மேலாளருக்கு அனுப்புங்கள். ஜூனுக்கான தாளை எடுத்து வைக்கும்போது இங்கே சொல்லுங்கள், சோதிப்பவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுக்க நானே வருகிறேன்.