துருக்கியின் துக்க வீட்டு அல்வா: கோத்தகிரியில் கிளறிக் கொடுக்கலாமா?

கேள்வி: கோத்தகிரியிலிருந்து

என் மருமகள் துருக்கியின் இஸ்மிர் நகரத்தைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை இந்த வாரம் அங்கே காலமானார். நிறைமாத கர்ப்பிணி என்பதால் மருமகளால் புறப்பட்டுப் போக முடியவில்லை. ஏழாம் நாளன்று ரவை அல்வா கிளறி அக்கம்பக்கத்தாருக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார். எங்கள் வழக்கத்தில் துக்க வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினர்களே சாப்பாடு கொண்டு வருவார்கள். காரியம் முடியும் வரை இனிப்புக்கு இடமே இல்லை. எங்கள் தெருவில் படுகர் குடும்பங்களும், தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். துக்கத்துக்கு இனிப்பா என்று அவர்கள் முகம் சுளிப்பார்களோ என்று என் கணவர் தயங்குகிறார். எனக்கோ அந்தப் பெண்ணிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த ஊர் முறையை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: கொடைக்கானலிலிருந்து

தங்கள் சம்பந்தியின் மறைவுக்கு என் இரங்கல். இஸ்மிரில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். அங்கும் துக்க வீட்டார் முதல் சில நாட்கள் சமைப்பதில்லை. அண்டை வீட்டார் மாறி மாறிச் சூப்பும் சோறும் கறியும் கொண்டு வருவார்கள். ஆனால் அல்வாவுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அதை யாரும் விருந்தாகக் கருதுவதில்லை. இறந்தவர் பெயரால் செய்யப்படும் தர்மமாகவே கருதுகிறார்கள். வெண்ணெயில் ரவையைப் போட்டு, சிறு தீயில் நெடுநேரம் கிளறும்போது, வீட்டுக்கு வந்திருக்கும் பெண்கள் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கரண்டியை வாங்கி, இறந்தவருக்காகப் பிரார்த்தித்தபடியே கிளறுவார்கள். ரவை வறுபடும் மணம் இறந்தவரின் ஆன்மாவைச் சென்றடையும் என்ற நம்பிக்கையும் மக்களிடம் உண்டு.

இஸ்மிரில் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. இறந்தவர் நினைவாகத் தெருவோரத்தில் பெரிய எண்ணெய்ச் சட்டியை வைத்து, புளித்த மாவைச் சிறு உருண்டைகளாகப் பொரித்து, சர்க்கரைப் பாகில் போட்டு, வழியே போகும் எவருக்கும் இலவசமாகக் கொடுப்பார்கள். அதற்கு லோக்மா என்று பெயர். முன்பின் அறியாதவர்கள்கூட வரிசையில் நின்று வாங்கி, 'இறைவன் ஏற்றுக்கொள்ளட்டும்' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த ஊரில் வளர்ந்த பெண்ணுக்கு, தந்தையின் பெயரால் நாலு பேருக்கு ஒன்றும் கொடுக்காமல் இருப்பதுதான் பெரிய குறையாகத் தோன்றும்.

பதில்: குன்னூரிலிருந்து

எங்கள் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றிலும் மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் பாத்திஹா (குர்ஆனின் முதல் அத்தியாயம்) ஓதி உணவு வழங்குவது உண்டு. துருக்கியர் ஏழாம், நாற்பதாம் நாட்களோடு ஐம்பத்திரண்டாம் நாளையும் நினைவுகூர்ந்து, நபிகள் நாயகத்தின் பிறப்பைப் போற்றும் மவ்லிது என்ற பாடலை ஓதுகிறார்கள். அவர்கள் ஓதுவது புர்சா நகரத்தின் சுலைமான் செலெபி 1409-இல் துருக்கி மொழியிலேயே பாடிய கவிதை.

இந்த நாள் கணக்குக்கு மார்க்க ஆதாரம் இல்லை என்று துருக்கி அரசின் சமயத் துறையே சொல்லியிருக்கிறது. ஆகவே ஏழாம் நாள் தவறினாலும் மருமகள் கலங்க வேண்டாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 629-இல் மூத்தா போரில் தம் பெரியப்பா மகன் ஜஅஃபர் உயிர்நீத்தபோது, அவர் குடும்பத்தாருக்கு உணவு தயாரித்துக் கொடுங்கள் என்று நபிகள் நாயகம் கூறினார்கள். ஆகவே துக்கத்தில் இருப்பவருக்குப் பிறர் உணவளிப்பதுதான் முதல் கடமை. அந்தப் பெண்ணுக்கு இங்கே தாய் வீடு இல்லை. இந்த ஒரு வாரமாவது அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வையுங்கள். அல்வாவை விட எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

பதில்: உதகையிலிருந்து

மணமான மகளுக்குப் பெற்றோர் இறப்பின் தீட்டு மூன்று நாள் என்றே நம் குடும்பங்கள் பலவற்றில் கணக்கு. அப்படிப் பார்த்தால் ஏழாம் நாள் அடுப்பில் அல்வா ஏறுவதற்கு நம் முறைப்படியும் தடை இல்லை. மாலையில் டப்பாவோடு திடீரென்று கதவைத் தட்டாமல், காலையிலேயே ஒவ்வொரு வீட்டிலும் 'மருமகளின் அப்பா தவறிவிட்டார், அவர் பெயரால் கொடுக்கிறோம்' என்று சொல்லி வையுங்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேரைக் கிளறவும் கூப்பிடுங்கள். நிறைமாதப் பெண் அடுப்படியில் நெடுநேரம் நிற்கக் கூடாது. கரண்டி கைமாறுவதே அவர்கள் முறை என்பதால் அவர் நாற்காலியில் அமர்ந்தே பங்கெடுக்கலாம்.

கேசரி செய்யும் பழக்கத்தில் ரவையைச் சீக்கிரம் இறக்கிவிடாதீர்கள். கேசரிப் பவுடரும் வேண்டாம். அங்கே போடும் பைன் கொட்டைக்குப் பதில் முந்திரியைப் பொடியாக நறுக்கி, முதலிலேயே ரவையோடு சேர்த்து வறுங்கள். இரண்டும் நன்கு சிவந்த பிறகு, சர்க்கரை கரைத்த சூடான பாலை ஊற்றும்போது பலமாகத் தெறிக்கும், கை பத்திரம். பால் வற்றியதும் மூடி வைத்து, கால் மணி நேரம் கழித்து உதிர்த்துவிடுங்கள். நம் மலைக் குளிரில் வெண்ணெய் சீக்கிரம் உறைந்து அல்வா இறுகிவிடும் என்பதால், இளஞ்சூடாக இருக்கும்போதே கொடுத்து முடிப்பது நல்லது.